ஐம்பது ரூபா கேட்ட செய்தி

(மாதர் அணிக் கூட்டத்தில், அணியின் செயற்குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இன்று சம்பள உயர்வைப் பற்றிப் பேச நாங்கள் வரவில்லை. அதற்கு வேறு கூட்டம் இருக்கிறது. வாங்கிய சம்பளம் நம் கையை விட்டுப் போகிற ஒரு வழியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். போன் விஷயத்தில் தவறு செய்யாதவர் இந்த மடுவத்தில் ஒருவரும் இல்லை. மகனுக்கென்று 200 ரூபா ரீலோட் போடப் போய், ஒரு இலக்கம் மாறி, முன்பின் தெரியாத யாருக்கோ போனது நம்மில் பலருக்கு நடந்திருக்கிறது. உடுப்போடு சேர்த்துப் போனையும் பீலியில் அலசி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஏ.டி.எம். காட்டின் பின் நம்பர் மறந்துவிடும் என்று அதைக் காட்டின் உறையிலேயே பேனையால் எழுதி வைத்தவர்கள், சிரிக்க வேண்டாம், எங்கள் செயற்குழுவிலேயே இரண்டு பேர்.

இதெல்லாம் அன்றாடம் நடக்கிற கைத்தவறு. வீட்டில் ஒரு சத்தம், அடுத்த நாள் ஒரு சிரிப்பு, அத்தோடு முடியும். ஆனால் நாம் எப்போது கைத்தவறு செய்வோம் என்று காத்திருக்கிறவனும் ஒருவன் இருக்கிறான். அவனிடம் மாட்டினால் சிரிப்பு வராது.

ஒரு பிரிவில் நடந்ததைச் சொல்கிறோம. அந்த அக்காவிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் சொல்கிறோம். பெயரும் தோட்டமும் வேண்டாம்.

அந்த அக்கா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். வேலையிலிருந்து நின்ற பிறகு ஊழியர் சேமலாப நிதிப் பணம் கிடைத்தது. மாதாமாதம் நம் சம்பளத்தில் 8 வீதமும், தோட்டத்தின் பங்காக 12 வீதமும் சேர்ந்த காசு. அதில் கூரைக்குத் தகரம் மாற்றினார். அடகில் கிடந்த தோட்டை மீட்டார். மீதியைப் பேரனின் படிப்புக்கென்று வங்கியிலேயே விட்டு வைத்தார். மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறாள். பேரன் அம்மாயியோடு இருந்து சாதாரண தரம் படிக்கிறான்.

ஒரு நாள் சாயங்காலம் போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. தபால் திணைக்களத்தின் பெயர் அதில் இருந்தது. "உங்கள் பார்சல் வந்திருக்கிறது. முகவரி முழுமையாக இல்லாததால் விநியோகிக்க முடியவில்லை. 24 மணித்தியாலத்துக்குள் கீழே உள்ள இணைப்பை அழுத்தி முகவரியைத் திருத்தி, 50 ரூபா கட்டவும்." இதுதான் அதில் இருந்த விஷயம். மகளோ பெட்டி அனுப்புவதாக அந்த மாதம்தான் சொல்லியிருந்தாள்.

"அம்மாயி, அம்மா அனுப்புன சாமான் போல. அம்பது ரூவாதான் கேக்குறாங்க."

"அம்பது ரூவாவுக்காகத் திருப்பி அனுப்பிருவாங்களோ? கட்டிரு ராசா."

அவன் அழுத்தினான். தபால் திணைக்களத்தின் பக்கம் போலவே ஒரு பக்கம் திறந்தது. பெயர் கேட்டது, கொடுத்தான். காட்டின் முன்பக்க இலக்கம் கேட்டது, கொடுத்தான். பின்பக்கத்து மூன்று இலக்கம் கேட்டது, அதையும் கொடுத்தான். உடனே வங்கியிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. அதில் ஆறு இலக்கம். அந்த ஆறையும் அந்தப் பக்கத்தில் அடித்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போன காசு 94,500 ரூபா.

அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று இருந்தபோது நடந்தது இது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுபது நாள் வேலை. எழுபது நாள் அட்டைக்கடியும் மழையும் கூடையும்.

இதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒரு இடம் இருக்கிறது. வங்கி அனுப்பிய அந்தச் செய்தியில் ஆறு இலக்கம் மட்டும் இருக்கவில்லை. எவ்வளவு காசு போகப்போகிறது என்பதும் அதிலேயே இருந்தது. நாங்கள் பிறகு அந்தப் போனை வாங்கிப் பார்த்தோம். 94,500 என்று எழுதியிருந்தது. பையன் அவசரத்தில் இலக்கத்தை மட்டும் பார்த்தான். செய்தி ஆங்கிலத்தில் இருந்ததால் அம்மாயிக்கு வாசிக்கத் தெரியவில்லை.

கொழுந்து நிறுக்கும்போது நாம் எப்படி நிற்போம்? கண்ணைத் தராசிலிருந்து எடுப்போமா? ஒரு கிலோ குறைத்து எழுதினால் அந்த இடத்திலேயே சத்தம் போடுவோம். ஓ.டி.பி. என்று சொல்கிற அந்த இரகசிய இலக்கம் வருகிற செய்தியும் ஒரு தராசுதான். இலக்கத்தை அடிக்கும் முன் எவ்வளவு காசு, யாருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் 50க்கும் 94,500க்கும் வித்தியாசம் நமக்குத் தெரியும்.

அடுத்ததாக, அந்த அக்கா ஏன் நம்பினார் என்று யோசித்தோம். பலர் சொல்வது போலப் படிக்காததால் ஏமாந்தார் என்று நாங்கள் நினைக்கவில்லை. படித்தவர்களும் உத்தியோகத்தில் இருப்பவர்களும் இதே போல ஏமாறுகிறார்கள். இந்தச் செய்தியில் நமக்கென்றே ஒரு கொக்கி இருந்தது. "முகவரி முழுமையாக இல்லை" என்கிற வரிதான் அது.

தோழர்களே, நம்மில் எத்தனை பேரின் காம்பராவுக்குத் தனி முகவரி இருக்கிறது? தோட்டத்தின் பெயரைப் போட்டால் கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும். அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்த பிள்ளைகள் நம் லயங்களில் இருக்கிறார்கள். அதனால் முகவரி சரியில்லை, சாமான் திரும்பிப் போகப் போகிறது என்று யாராவது சொன்னால் நாம் உடனே நம்பிவிடுகிறோம். அது நம் வாழ்க்கையில் எப்போதும் நடப்பதுதானே!

திருடனுக்கு நம்மைத் தெரியும் என்று இதற்கு அர்த்தமில்லை. அவன் ஒரே செய்தியை ஆயிரக்கணக்கான இலக்கங்களுக்கு வீசுகிறான். பார்சலுக்குக் காத்திருக்கிற வீட்டில் அது பிடித்துக்கொள்கிறது. "நம்ம வீட்டு விஷயம் இவனுக்கு எப்படித் தெரியும், அப்படியானால் உண்மையாகத்தான் இருக்கும்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அஸ்வெசும காசு பிந்தினால் அஸ்வெசுமவின் பெயரில் வருகிற செய்தியை நம்புவோம். கரண்ட் பில் கட்டாமல் இருந்தால் "லைன் வெட்டப் போகிறோம்" என்ற செய்தியை நம்புவோம். எந்தக் கவலை நம் மனதில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில் காது திறந்திருக்கும்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. தோட்டம் மாறிப் போகும்போது தொழிலாளியின் கடனை எழுதிக் கொடுப்பது. அவருக்கு வாசிக்கத் தெரியாத காகிதத்தில் அவருடைய தலையெழுத்தை வேறொருவர் எழுதினார். அந்த முறை 1921ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூறு வருடம் கழிந்தும் நமக்குப் புரியாத மொழியில் வருகிற செய்திக்கு நாம் விரலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அன்று கைநாட்டு. இன்று போனில் ஒரு அழுத்து.

இனி எங்கள் தவறைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

அந்தச் சம்பவத்துக்கு மூன்று வாரத்துக்கு முன், பண்டிகைக் கொடுப்பனவு 15,000 ரூபா, பதிவு செய்யக் கீழே அழுத்தவும், பத்துப் பேருக்கு அனுப்பவும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. நல்ல விஷயம்தானே, எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று நம் மாதர் அணிக் குழுவிலேயே நாங்கள் அதைப் போட்டோம். அது பொய். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நாங்கள் சத்தமில்லாமல் அழித்துவிட்டோம். பொய் என்று அறிவிக்கக்கூட இல்லை, வெட்கம். அந்த அக்காவின் போனிலும் அந்தக் குழு இருக்கிறது. "சங்கத்துலேயே இப்படி லிங்க் எல்லாம் வருதே, அழுத்தினா என்னா" என்று பையன் நினைத்ததாகச் சொன்னான். அதைக் கேட்டு நாங்கள் தலை குனிந்தோம். அன்று பொய் என்று வாய் திறந்து சொல்லியிருந்தால் அவன் ஒரு நிமிடம் யோசித்திருப்பான். அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டோம். இன்று உங்கள் எல்லோரிடமும் கேட்கிறோம்.

வெட்கம் என்றோம். திருடனுக்குப் பெரிய உதவி அதுதான். காசு போய்ப் பதினொரு நாள் வரை அந்த வீட்டில் யாரும் வெளியே சொல்லவில்லை. பையன் பள்ளிக்கூடம் போகவில்லை, சோறு சரியாகத் தின்னவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அக்கா சொன்னார்: "காசு போனது போகட்டும் தங்கச்சி. இவன் மூஞ்சியப் பாக்க முடியல." அதற்குப் பிறகு வங்கிக்குப் போனோம். பொலிசுக்குப் போனோம். காலம் கடந்துவிட்டது, காசு திரும்பவில்லை. பையன் மட்டும் மறுபடி பள்ளிக்கூடம் போகிறான். நமக்கு அதுவே பெரிது.

இன்னொரு பிரிவில் இதே மாதிரி நடந்தது. அங்கே மருமகள் உடனே பார்த்துவிட்டாள். மாமியாரைத் திட்டிக்கொண்டு நிற்காமல், காட்டின் பின்னால் இருந்த இலக்கத்துக்குப் பத்து நிமிடத்துக்குள் போன் எடுத்து, காட்டை நிறுத்தச் சொன்னாள். முதலில் போன 8,000 ரூபா போனதுதான். கணக்கில் இருந்த மீதி தப்பியது. பதினொரு நாளுக்கும் பத்து நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் இது.

இப்போது எந்தெந்த வேடத்தில் வருகிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறோம்.

ஒன்று, நாம் பார்த்த பார்சல் செய்தி. தபால் திணைக்களமே இதைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது.

இரண்டு, வாட்ஸ்அப் திருட்டு. தெரிந்தவரின் இலக்கத்திலிருந்து, "அக்கா, தவறுதலாக உங்கள் போனுக்கு ஆறு இலக்கம் வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று வரும். அனுப்பினால் நம் வாட்ஸ்அப் அவன் கைக்குப் போய்விடும். அடுத்த நிமிடம் நம் பெயரில் நம் சொந்தக்காரரிடம் காசு கேட்பான். அப்படிக் கேட்டு வந்தால் அந்த ஆளுக்கே போன் எடுத்துக் குரலைக் கேளுங்கள்.

மூன்று, பரிசு. போன் கம்பனியின் சீட்டிழுப்பில் உங்களுக்குப் பத்து இலட்சம் விழுந்திருக்கிறது, வரியாக 25,000 கட்டுங்கள் என்பான். நாம் வாங்காத சீட்டுக்கு எப்படிப் பரிசு விழும்?

நான்கு, வேலை. இது நம் இளைஞர்களுக்கும் வெளிநாடு போக நினைக்கும் சகோதரிகளுக்கும். ஈமெயிலில் கடிதத் தலைப்பும் முத்திரையும் போட்டு அழகாக வரும். வெளிநாட்டில் கணினி வேலை, பெரிய சம்பளம், சுற்றுலா விசாவில் வந்தால் போதும் என்பான். இப்படி ஆசை காட்டி அழைத்துப் போகப்பட்டு, மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட இலங்கை இளைஞர்கள் 2024இல் மீட்கப்பட்டார்கள். இது போன்ற பொய்ச் செய்திகளை மற்றவர்களுக்கு அனுப்பும்படி அவர்களை அடித்து வேலை வாங்கினார்கள். ஆகவே ஈமெயிலில் அனுப்பியவரின் முழு முகவரியையும் பாருங்கள். பெரிய கம்பனி என்று சொல்லிக்கொண்டு, யாரும் இலவசமாகத் திறக்கக்கூடிய ஒரு முகவரியிலிருந்து எழுதினால் சந்தேகப்படுங்கள். முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேளுங்கள். தனி ஆளின் கணக்கில் காசு போடாதீர்கள்.

ஐந்து, கணக்கு வாடகை. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளிடம், "உன் வங்கிக் கணக்கையும் காட்டையும் கொடு, மாதம் ஒரு தொகை தருகிறேன்" என்று கேட்கிறார்கள். ஏமாற்றிய காசு அந்தக் கணக்கு வழியாகத்தான் ஓடும். பொலிஸ் தேடி வரும்போது நிற்கப்போவது நம் பிள்ளை. இதை வீட்டில் இருக்கும் தாய்மார் இன்றைக்கே போன் எடுத்துப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

வேடம் ஐந்தாக இருந்தாலும் ஆள் ஒருவன்தான். எல்லாவற்றிலும் மூன்று அடையாளம் இருக்கும். அவசரப்படுத்துவான்: இன்றைக்குள், ஒரு மணித்தியாலத்துக்குள் என்பான். யாரிடமும் சொல்லாதே என்பான், அல்லது நமக்கு யோசிக்க நேரம் கொடுக்காமல் தொடர்ந்து பேசிக்கொண்டே இருப்பான். கடைசியில் இரகசிய இலக்கத்தையோ காசையோ கேட்பான். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் போனைக் கீழே வையுங்கள். வங்கியில் வேலை செய்கிற எவரும் உங்கள் பின் நம்பரையோ ஓ.டி.பி.யையோ கேட்பதில்லை. முகாமையாளர் என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் அந்தச் செய்தியில் உள்ள இலக்கத்துக்குப் போன் எடுக்க வேண்டாம். அதை எடுக்கப் போவதும் அவனே. அஸ்வெசும பற்றியா, 1924க்கு எடுங்கள். அரசாங்க அலுவலகம் எதைப் பற்றியும் 1919இல் கேட்கலாம். வங்கி என்றால் காட்டின் பின்பக்க இலக்கம், இல்லாவிட்டால் டவுனில் உள்ள கிளைக்கு நேரே போங்கள். ஒரு நாள் பிந்தினால் ஒன்றும் குடி முழுகாது.

காசு போய்விட்டால்? முதலில் வங்கிக்குப் போன், காட்டை நிறுத்துங்கள். செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். இணைய மோசடி பற்றி இலங்கை கணினி அவசரப் பிரிவின் 101 என்ற இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். வங்கி உங்கள் முறைப்பாட்டைக் கணக்கெடுக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 இருக்கிறது. 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் சொல்கிறது. ஆகவே தமிழில் முறைப்பாடு செய்யக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள், கூட வருகிறோம். சங்கம் அதற்குத்தானே இருக்கிறது.

கடைசியாக, செயற்குழு எடுத்திருக்கும் முடிவுகள்.

லயத்துக்கு ஒரு பிள்ளை. போன் தெரிந்த, பொறுமையான ஒரு தங்கச்சியையோ தம்பியையோ ஒவ்வொரு லயத்திலும் தெரிவு செய்யப் போகிறோம். காசு கேட்டோ இலக்கம் கேட்டோ எந்தச் செய்தி வந்தாலும், அழுத்துவதற்கு முன் அவரிடம் காட்டுங்கள். ஆனால் பின் நம்பரை அவரிடமும் சொல்ல வேண்டாம்.

நம் குழுவில் இனி விசாரித்துப் பார்க்காத எந்தச் செய்தியும் போடப்படாது. தவறிப் போட்டுவிட்டால், பொய் என்று அதே குழுவில் வெளிப்படையாக அறிவிப்போம்.

ஏமாந்தவரை யாரும் கேலி செய்யக் கூடாது. குறிப்பாகப் பிள்ளைகளை அடிக்கக் கூடாது. அடிக்குப் பயந்து அடுத்த முறை அவன் மறைப்பான்.

வங்கிகள் நமக்கு அனுப்பும் எச்சரிக்கைகளும் ஓ.டி.பி. செய்திகளும் தமிழில் வர வேண்டும் என்று எழுதப் போகிறோம். அத்தோடு நம் பழைய கோரிக்கையையும் மறுபடி வைக்கிறோம்: ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த முகவரி வேண்டும், கடிதம் நம் வாசலுக்கு வர வேண்டும். நமக்கு ஒழுங்கான முகவரி இருந்திருந்தால் அந்த வரியைப் பார்த்து அக்கா பதறியிருக்க மாட்டார். "எங்க முகவரி சரியாத்தானே இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனை மூடியிருப்பார்.

வெளியே மழை இருட்டுகிறது, பிள்ளைகளும் பசியோடு இருக்கிறார்கள். தேத்தண்ணி தயாராக இருக்கிறது. குடித்துவிட்டுப் போகும்போது, லயத்துக்கு யாரைத் தெரிவு செய்யலாம் என்று பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த அக்காவின் லயத்திலிருந்து முதல் பெயர் வந்துவிட்டது. அது அந்தப் பையனின் பெயர். அக்காவே கொடுத்தார்.